ஆறு லட்சத்தில் ஒரு வேகமான கார்

வணக்கம் நேயர்களே. எங்கள் பட்டறைக்கு வந்து கார் வாங்க யோசனை கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் மைலேஜில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். சிலர் மட்டும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஆறு லட்சம் இருக்கு. சின்ன காராத்தான் வேணும், ஆனா மிதிச்சா பறக்கணும். செகண்ட் ஹேண்ட்ல எது எடுக்கலாம்?" என்பார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்கு.

இந்த வகைக் காருக்கு ஹாட் ஹேட்ச் என்று பெயர். வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஹேட்ச்பேக்கில், அதாவது பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் சின்ன காரில், வலுவான எஞ்சினை வைத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, பிரேக்கையும் பலப்படுத்தி விற்பார்கள். ஜெர்மனியில் 1976இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ வந்தபோது 5,000 கார் போனால் போதும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்தைத் தாண்டியது. நம் ஊரில் அப்படி நடக்கவில்லை. ஷோரூமில் நுழைந்ததும் "லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்?" என்று கேட்கிற சந்தை இது. கம்பெனிகள் ஆசையாகக் கொண்டுவரும், சில வருடத்தில் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். ஆகவே இந்த விலையில் பழைய கார் சந்தையில் கிடைக்கும் ஹாட் ஹேட்ச் அநேகமாக எல்லாமே பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகள். பெற்றவர் இல்லை என்றால் சொந்தபந்தமாவது வேண்டும் அல்லவா? அதனால் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது இதைத்தான்: இந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் கதவும் வேறு எந்தக் காரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன?

ஆசையைக் கிளப்புவதில் முதலிடம் அபார்த் புன்டோவுக்கு. 2015 அக்டோபரில், டெல்லி ஷோரூம் விலை 9 லட்சத்து 95 ஆயிரத்துக்கு ஃபியட் கொண்டுவந்தது. 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல் எஞ்சின், 145 குதிரைத்திறன், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். டர்போ என்பது எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் சின்ன விசிறி. ஸ்டியரிங் பழைய ஹைட்ராலிக் வகை. சக்கரத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரியும். இன்றைய எலக்ட்ரிக் ஸ்டியரிங்கில் அந்தச் சுகம் அபூர்வம். சரி, சொந்தபந்தம்? கதவும் கண்ணாடியும் சாதாரண புன்டோவிலிருந்து வரும். டி-ஜெட் எஞ்சின் ஃபியட்டின் லினியா செடானிலும் இருந்தது, ஆனால் அங்கே குதிரைத்திறன் குறைவு. அதாவது குடும்பம் ஒன்று, பலம் வேறு. ஃபியட்டோ கடையையே கட்டிவிட்டது. தரையிலிருந்து உயரமும் 155 மில்லிமீட்டர்தான் என்பதால், தெருவுக்குத் தெரு இருக்கும் வேகத்தடையில் அடிவயிறு உரசும். ஃபியட் வேலை தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால், வீட்டில் இன்னொரு வண்டியும் நின்றால், தாராளமாக எடுங்கள். இது ஒன்றுதான் வண்டி, காலையில் இதில்தான் ஆபீஸ் போக வேண்டும் என்றால் வேண்டாம்.

அடுத்தது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். போலோவுக்குச் சொந்தக்காரர்கள் ஊர் முழுக்க உண்டு, வெளிமார்க்கெட்டிலும் சாமான் கிடைக்கும். பயம் அந்த கியர்பாக்ஸில் இருக்கிறது. உள்ளே ஆயிலில் நனையாத இரட்டை கிளட்ச். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அது சூடாகித் தேயும். அதை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போய்விட்டால் செலவு லட்சத்தைத் தாண்டும். அதனால் இந்தக் காரை பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு மயங்கிவிடாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நெரிசலான சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உடம்பு குலுங்குகிறதா, ரிவர்ஸ் போட்டதும் யோசிக்கிறதா, மீட்டரில் கியர் எழுத்து மினுக்குகிறதா என்று கவனியுங்கள். ஒன்று தெரிந்தாலும் இறங்கி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

அதே போலோவில் 2020இல் 1.0 டிஎஸ்ஐ எஞ்சின் வந்தது. 110 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவலும் உண்டு. அந்த எஞ்சின் குடும்பம் பின்னால் ஃபோக்ஸ்வேகன் டைகுனிலும் ஸ்கோடா குஷாக்கிலும் வந்தது. சொந்தபந்தத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கேட்கும் விலை நம் ஆறு லட்சத்தின் விளிம்பில் நிற்கும். நல்ல நிலையில் ஒன்று பேரத்தில் ஐந்துக்குள் படிந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம் என்பேன்.

கோயம்புத்தூர்க்காரன் என்பதால் டியாகோ ஜேடிபி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜே என்பது நம்ம ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டி என்பது டாடா. இரண்டும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில், 6 லட்சத்து 39 ஆயிரத்துக்கு விற்றார்கள். 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன். கியர் விகிதத்தை மாற்றினார்கள், காரைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். 2020இல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கதை முடிந்தது. எஞ்சினுக்கு டாடா நெக்ஸான் பெட்ரோல் நெருங்கிய உறவு. உள்ளே பார்த்ததும் டாடா மெக்கானிக் மிரள மாட்டார். முன் பம்பரும் காற்றுத்துளை வைத்த பானெட்டும் ஜேடிபி வண்டிகளுக்கு மட்டுமே உரியவை, அதனால் முன்பக்கம் அடிபட்ட வண்டி என்றால் தள்ளிவிடுங்கள். உள்ளே உட்கார்ந்தால் விலை குறைந்த கார் என்பது தெரியும். ஆனால் இரண்டாவது கியரில் மலைப்பாதை வளைவிலிருந்து வெளியே வரும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இந்தப் பட்டியலிலேயே தலைவலி குறைவானது மாருதி பலீனோ ஆர்எஸ். 2017 மார்ச்சில் வந்தது, மூன்று சிலிண்டர் 1.0 லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன். எடை 950 கிலோதான் என்பதால் அந்த 102 போதும். எஞ்சின் 998 சிசி. 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணத்தில் 1,000 சிசி வரை 2,094 ரூபாய், அதைத் தாண்டி 1,500 சிசி வரை 3,416. சின்ன லாபம்தான், ஆனால் வருடாவருடம் வரும். ஒரு விஷயம் முக்கியம். 2016 அக்டோபர் முதல் 2019 நவம்பர் ஆரம்பம் வரை தயாரான 7,213 பலீனோ ஆர்எஸ் கார்களை, பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் கோளாறுக்காக 2023இல் மாருதி திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கிற காருக்கு அந்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். இதே குடும்ப எஞ்சின் பிறகு மாருதி ஃப்ராங்ஸ் டர்போவில் வந்தது; அதற்காக எல்லாப் பாகமும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்.

டீசல் பிடிக்கும் என்றால் இரண்டாம் தலைமுறை ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் இருக்கிறது. 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் இழுவை, ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடை. இதை யாரும் ஹாட் ஹேட்ச் என்று விற்கவில்லை, அதனால் வாங்கியவர்களில் பலர் குடும்பஸ்தர்கள், பதமாக ஓட்டியிருப்பார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்கிறது, இருந்தாலும் சில சாமானுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

சரி, எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் முதல் நிபந்தனை: எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். "நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், அல்லது நீங்கள் சொன்னதை மதிக்கவில்லை, இரண்டுமே நல்லதில்லை. ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு ஒரு மிதி மிதித்தால் நீலப் புகை கிளம்புகிறதா? ஆயில் எரிகிறது, டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் மீது சந்தேகப்படலாம். டர்போ தண்டு ஆயிலை நம்பித்தான் நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட ஆள் அதைத்தான் முதலில் கொன்றிருப்பார். ஆகவே சர்வீஸ் பில்லில் நான் பார்ப்பது ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும். பில் இல்லை, "நம்ம பையன்தான் பார்ப்பான்" என்றால் விலையில் நிறையக் குறைய வேண்டும்.

மேனுவல் காரில் கிளட்சைப் பார்ப்பது சுலபம். காலி ரோட்டில் நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் குதித்து, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. வாங்கிய மாதமே செலவு வரும்.

அப்புறம் ரீமேப். எஞ்சினின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி 20, 30 குதிரையைக் கூட்டுவது. விற்பவர் இதைப் பெருமையாகச் சொல்வார், விளம்பரத்தில் கூடுதல் விலையும் போடுவார். எனக்கு அது விலையைக் குறைக்க வேண்டிய விஷயம். கம்பெனி அந்த கிளட்சையும் கியர்பாக்ஸையும் ஒரு அளவு இழுவைக்காகத்தான் செய்தது. போதாததற்கு, கம்பெனி வடிவமைப்பிலிருந்து காரை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம். சத்தமான சைலன்சர், மாற்றிய ஏர் ஃபில்டர், பின்னால் ஒட்டிய இறக்கை எல்லாம் ஓட்டியவரின் கால் எப்படிப்பட்டது என்று சொல்லும். ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கும் காரைத் தேடுங்கள். குறைவாகத்தான் கிடைக்கும், பரவாயில்லை.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தை மறக்க வேண்டாம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டிலும் நிறைய கார் மூழ்கியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காகிதத்தில் நேரம் அதிகம் வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் கூடாது. ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருந்தால் 35ஆம் எண் படிவத்தில் நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்ததால் அந்தப் பதிவு வண்டிகள் மலிவாக இங்கே வருகின்றன. அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, தமிழ்நாட்டில் ஆயுள் வரி மறுபடி கட்டினால் அந்த மலிவு காணாமல் போகும். இன்சூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்; பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது.

கடைசியாக விலை. ஆறு லட்சம் இருந்தால் காருக்கு ஐந்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்ச ஒரு லட்சம் வாங்கிய முதல் வாரத்திலேயே வேலைக்கு வரும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், ஆழமாக இருந்தாலும் வயதான டயர் இந்த வேகத்துக்கு ஆகாது, நாலையும் மாற்றுங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், முன் பிரேக் பேட் எல்லாம் புதிது. அதையெல்லாம் முடித்துவிட்டு வால்பாறைக்கு ஏறுங்கள். நன்றி, வணக்கம்.