குஷ்பூவில் இருக்கும் பூ

அவையோருக்கு வணக்கம். ‘குஷ்பூ’ என்ற சொல்லின் கடைசியில் நிற்பது நம்முடைய பூதான் என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். பூ இருந்தால் மணம் இருக்குமல்லவா! பின்னர்தான் தெரிந்தது, அது வேறு பூ. ‘பஸ்’ என்பதில் வரும் ப அங்கே ஒலிக்கிறது. பாரசீகத்தில் அதற்கு வாசனை என்று பொருள். ‘குஷ்’ என்றால் இனிய. நாம் அன்றாடம் சொல்லும் குஷி இதன் பிள்ளை. இனிய வாசனை குஷ்பூ, கெட்ட வாசனை பத்பூ. இரண்டையும் உருது பாரசீகத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. அத்தர் வேறு. அது அரபியின் ‘இத்ர்’. குப்பியில் இருக்கும் பொருள். அதைத் திறந்தால் எழுவது குஷ்பூ.

இந்தப் பூவின் வேரைத்தான் இன்று உங்களுக்குக் காட்ட வந்தேன். இடைக்காலப் பாரசீகத்தில் அது ‘போய்’. அதற்கும் முன்பு, பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் ‘பவோதி’. அந்த வேருக்கு மணம் மட்டுமல்ல, உணர்வு, அறிவு என்ற பொருள்களும் உண்டு. சமஸ்கிருதத்தில் விழித்தல், உணர்தல் எனப் பொருள்படும் ‘புத்’ இதன் உடன்பிறப்பு. புத்தி, போதி, புத்தர் எல்லாம் அந்தக் கிளையில் வந்தவை. புத்தரும் குஷ்பூவும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள்! எனக்கு மெய்சிலிர்த்த இடம் இது. மோத்தலும் அறிதலும் ஒன்று என்பது நமக்குப் புதிதா என்ன? “மூன்றறிவதுவே அவற்றொடு மூக்கே” என்று தொல்காப்பியம் மூக்கை அறிவுக் கணக்கில்தானே வைக்கிறது?

இன்னொன்று சொல்ல வேண்டும். இன்றைய உருதுப் பேச்சில் பூ தனியாக வந்தால் பெரும்பாலும் துர்நாற்றம்தான். ‘குஷ்’ துணைக்கு வந்தால்தான் அதற்கு மரியாதை. நம் ‘நாற்றம்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. “கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ” என்று ஆண்டாள் கேட்டபோது நாறுதல் மணப்பதாக இருந்தது. இன்று யாரிடமாவது அப்படிக் கேட்டுவிட முடியுமா?

ஆனால் கவிதை பழைய பொருளைக் கைவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தில்லியில் வாழ்ந்த மிர்ஸா காலிப் பாடுகிறார்:

“பூ-ஏ-குல், நாலா-ஏ-தில், தூத்-ஏ-சராக்-ஏ-மெஹ்ஃபில்
ஜோ தெரீ பஸ்ம் ஸே நிக்லா, ஸோ பரேஷான் நிக்லா.”

மலரின் மணம், நெஞ்சின் புலம்பல், அவையில் எரியும் விளக்கின் புகை. உன் அவையை விட்டு வெளியேறியது எதுவானாலும் பரேஷானாகவே வெளியேறியது. பரேஷான் என்றால் கலங்கியது, சிதறியது என இரு பொருள். நெஞ்சு கலங்குகிறது, புகையும் மணமும் சிதறுகின்றன. அந்த முதல் சொல்லைப் பாருங்கள். ‘குஷ்’ துணைக்கு இல்லை. தனிப் பூ. அது அங்கே ஆண்டாள் சொன்ன பொருளில் நாறுகிறது.