பாட்டு இணையத்தில் இருக்கிறது, கூடம் இடிந்தால் என்ன? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன பதிவில் அயர்லாந்தின் கிராமத்து நடனக் கூடங்களைப் பற்றிப் பேசி, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "கூரை இறங்கிய கூடங்களைக் காட்டி வருத்தப்பட்டீர்கள். அவை கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை. சிமெண்டுக் கொட்டகைகள். அங்கே வாசித்த பாட்டெல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. பிறகு எதுதான் தொலைந்துபோனது?"

நல்ல கேள்வி. கட்டடத்தைப் பற்றி அவர் சொல்வது ஏறக்குறைய சரிதான். பெரும்பாலான கூடங்களுக்குக் கட்டடக்கலை என்று பெருமையாகச் சொல்ல எதுவும் கிடையாது. நெடுஞ்சாலை ஓரம், சுற்றிலும் புல்வெளி, நடுவில் ஒரு நீளமான கொட்டகை. முகப்பில் மட்டும் கொஞ்சம் அலங்காரம், ஒளிரும் பெயர்ப்பலகை. சிக்கல் இரண்டாவது பாதியில் இருக்கிறது. பாட்டு இருக்கிறதே என்கிறார் அல்லவா, அங்கே நான் கொஞ்சம் முரண்படுகிறேன்.

அந்தக் கூடங்களில் மேடையேறிய ஷோபேண்ட் என்ற நடன இசைக்குழுக்களைப் போன முறை அவசரமாகத் தாண்டிவிட்டேன், அதிலிருந்து தொடங்குகிறேன். 1950களின் நடுப்பகுதி வரை அங்கே நடன இசைக்குழு என்றால் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிப்பார்கள். ஸ்ட்ரபேன் ஊரைச் சேர்ந்த கிளிப்பர் கார்ல்டன் என்ற குழு நாற்காலியையும் தாளையும் ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றது. ஆடிக்கொண்டே வாசித்தார்கள். அப்புறம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். 1957இல் வாட்டர்ஃபோர்டில் உருவான ராயல் ஷோபேண்ட் இவர்களில் பெரிய பெயர். எவ்வளவு பெரியது என்றால், 1962இல் லிவர்பூலில் அவர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் வாசித்த துணைக்குழுவின் பெயர் பீட்டில்ஸ்.

ஏழெட்டுப் பேர், ஒரே மாதிரி உடை, டிரம்பெட், சாக்ஸஃபோன், மின்கிதார், டிரம்ஸ். இவர்கள் வாசித்தது பெரும்பாலும் சொந்தப் பாட்டு இல்லை. அந்த வாரம் எந்தப் பாட்டு வானொலியில் ஓடுகிறதோ அதை அப்படியே இறக்குவார்கள். நடுவில் ஒரு நாட்டுப்புறப் பாட்டு, ஜோடியாகச் சுழன்று ஆட ஒரு வால்ட்ஸ், எல்லோரையும் சிரிக்க வைக்க ஒரு கோமாளித்தனம்.

இவர்களுடைய இசைத்தட்டுகளை நானும் இணையத்தில் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் முதலில் சப்பென்று இருந்தது. எல்விஸ் பாட்டை எல்விஸே பாடி வைத்திருக்கிறார், இன்னொருவர் குரலில் எதற்கு? பிறகுதான் பிடிபட்டது. இவர்கள் தட்டுக்காக வாசித்தவர்களே இல்லை. மாட்டுப்பண்ணையில் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சைக்கிளில் பத்து மைல் வந்தவனை இரவு ஒன்றரை மணி வரை ஆட வைப்பதுதான் இவர்கள் வேலை. மூன்று பாட்டு ஒரு தொகுப்பு. அது முடிந்ததும் சின்ன இடைவெளி, "அடுத்த ஆட்டம்" என்று அறிவிப்பு, உடனே ஜோடி மாற வேண்டும். எந்தத் தொகுப்பை வேகமாக விடுவது, எப்போது மெதுவான பாட்டுக்கு இறங்குவது, எப்போது விளக்கைக் குறைக்கச் சொல்வது, கூட்டம் சோர்கிறதா, வாசலில் கைகலப்பு வரப்போகிறதா, இதையெல்லாம் மேடையிலிருந்து பார்த்துப் பார்த்து வாசித்தார்கள். அவர்களுடைய சொந்தச் சரக்கு என்றால் அந்த இரவின் ஓட்டம்தான். அதை யாரும் பதிவு செய்யவில்லை. தட்டில் இருப்பது கடன் வாங்கிய பாட்டு மட்டும்.

கூடத்துக்குள் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் ஓரமாகப் பெண்கள், எதிர்ச் சுவர் ஓரமாக ஆண்கள். நடுவில் மெழுகு தூவிய மேப்பிள் பலகைத் தளம். அடியில் கொஞ்சம் துள்ளல் இருக்கும்படி போட்டிருப்பார்கள், கால் வலிக்காது. அறிவிப்பு வந்ததும் ஆண்கள் கும்பலாகக் குறுக்கே பாய்வார்கள். ஒரு பெண் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் எல்லோரும் பார்க்க அந்த வெற்றுத் தளத்தைத் தனியாகக் கடந்து திரும்ப வேண்டும். பெண்கள் பக்கம் இன்னும் கொடுமை. யாரும் கேட்காவிட்டால் இரவு முழுக்கச் சுவரோடு சுவராக நிற்க வேண்டியதுதான். "பெண்கள் தேர்வு" என்று ஒரு சுற்று வரும், அப்போது மட்டும் அவர்கள் போய்க் கேட்கலாம். மது கிடையாது. டீ, எலுமிச்சை சோடா விற்கும் ஒரு மூலை உண்டு. "ஒரு சோடா குடிக்கிறாயா?" என்று அவன் கேட்டு அவள் சரி என்றால் அடுத்த சில ஆட்டங்களுக்கு அவள் அவனோடுதான் என்று அர்த்தம். கடைசியில் தேசிய கீதம், எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள், பிறகு விளக்கு அணையும். அந்த வட்டாரத்தில் எத்தனையோ கல்யாணங்கள் இப்படித் தொடங்கியவை.

லீட்ரிம் மாவட்டம் கிளென்ஃபார்னில் ஜான் மக்கிவர்ன் என்பவர் 1934இல் ஒரு கூடம் திறந்தார். அங்கே நடுவில் "காதல் இடைவேளை" என்று ஒன்று உண்டு. விளக்கைக் குறைத்துவிட்டு, விருந்துக்கான கோட்டோடு உரிமையாளரே மேடையேறிப் பாடுவார். ஆடுபவர்கள் பக்கத்திலிருப்பவரோடு பேசிப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. தரகர் வேலையையும் கூடமே பார்த்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் வெறும் ஏக்கத்தை விற்பவனாகிவிடுவேன். இந்தக் கூடங்கள் வளர்ந்ததே இன்னொன்று அழிக்கப்பட்ட இடத்தில்தான்.

அதற்கு முன்னால் ஆட்டம் நடந்தது வீடுகளில், அடுப்பங்கரையில். கோடையில் நாற்சந்தியில் பலகை போட்டு ஆடுவார்கள். ஒரு ஃபிடில் (வயலின்தான்), ஒரு புல்லாங்குழல், கான்செர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம். கிளேர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கான்செர்டினா பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டார்கள். கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்குப் பணம் திரட்டவும் வீட்டு நடனம் வைப்பது உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை. நடனத்தின் தீமைகளைப் பற்றி 1925இல் ஆயர்கள் கூட்டறிக்கை விட்டார்கள், அது தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. 1934 புத்தாண்டு அன்று லீட்ரிமின் மொஹில் ஊரில் ஜாஸ் ஒழிக என்று ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். ஜாஸ் என்றால் அங்கே வெளியிலிருந்து வந்த எந்த ஆட்டமும் என்று பொருள். மறுவருடம், 1935இல், பொது நடனக் கூடச் சட்டம் வந்தது. பொது நடனம் என்றால் நீதிமன்ற உரிமம் வேண்டும். சட்டம் பொது நடனத்தைத்தான் சொன்னது, ஆனால் பாதிரியாரும் போலீசும் அதை வீட்டு நடனத்தின் மேலும் பிரயோகித்தார்கள். கிளேரின் பெரிய ஃபிடில் கலைஞர் ஜூனியர் கிரெஹன் இந்தச் சட்டம் எங்கள் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டது என்ற பொருளில் பிற்பாடு சொன்னார். அந்த வீடுகளைத்தான் அவர் பள்ளிக்கூடம் என்றார்.

கூடம் கட்டியவர்களுக்கும் நிம்மதி இல்லை. லீட்ரிமின் எஃப்ரினாவில் ஜிம்மி கிரால்டன் என்ற இடதுசாரி ஒரு கூடம் கட்டி நடனமும் வகுப்புகளும் நடத்தினார். 1932 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அதைக் கொளுத்திவிட்டார்கள். அவரிடம் அமெரிக்கக் குடியுரிமை இருந்ததால் அவரை அந்நியர் என்று சொல்லி 1933இல் நாடு கடத்தினார்கள், பிறந்த ஊரிலிருந்தே. 1945இல் நியூயார்க்கில் இறந்தார். 2016இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவர் ஹிகின்ஸ் அதே ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டிலிருந்து கூடத்துக்கு வந்ததும் இசையே மாறியது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. அடுப்பங்கரையில் ஒரே ஒரு ஃபிடில் போதும், வில்லின் ஒவ்வொரு நெளிவும் காதில் விழும். ஐந்நூறு பேர் ஷூ காலோடு தரையை மிதிக்கும் இடத்தில், ஒலிபெருக்கியும் சரியாக இல்லாத காலத்தில், அது யாருக்குக் கேட்கும்? ஆகவே நான்கைந்து ஃபிடில், குழல்கள், அக்கார்டியன், பின்னால் பியானோ, டிரம்ஸ் என்று குழுவாகச் சேர்ந்தார்கள். அதுதான் கெய்லி பேண்ட், அதாவது கெய்லி என்ற ஐரிஷ் கூட்டு நடனத்துக்கு வாசிக்கும் குழு. (கெய்லி என்று சொல்கிறேன், "கேலி" என்று காதில் விழுந்தால் நான் பொறுப்பில்லை.) கில்ஃபெனோரா குழு 1909இலிருந்தே இருக்கிறது, டுல்லா குழு 1946இல் வந்தது. எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தாக வேண்டும் என்பதால் தனி ஆளின் அலங்காரங்கள் மழுங்கின. ஆனால் அந்தக் கூட்டு வேகத்துக்கு ஒரு தனி அழகு வந்தது. சிலர் இதை வீழ்ச்சி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூட்டில் ஊறிய தாளம் அது, கேட்டால் கால் தானாக ஆடும்.

இன்னொரு வேடிக்கை. "தூய ஐரிஷ் ஆட்டம்" என்று பரப்பப்பட்ட கெய்லி நடனத்தின் முதல் நிகழ்ச்சி நடந்தது லண்டனில், 1897இல். ஊரில் உண்மையாக ஆடிக்கொண்டிருந்த செட் ஆட்டங்களை அந்நியச் சரக்கு என்று கேலிக் லீக் என்ற ஐரிஷ் மொழி, பண்பாட்டுச் சங்கம் ஒதுக்கியது, ஏனென்றால் அவை குவாட்ரீல் என்ற பிரெஞ்சு ஜோடி ஆட்டத்திலிருந்து வந்தவை. எது நம்முடையது என்று சங்கம் வைத்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, கூடங்கள் எப்படிப் போயின? முதலில் உச்சம். 1950களின் பிற்பகுதியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் தன் அண்ணனோடு சேர்ந்து ரூஸ்கியில் கிளவுட்லேண்ட், ஏதையில் ட்ரீம்லேண்ட், மோட்டில் ரோஸ்லேண்ட் என்று வரிசையாகத் திறந்தார். எல்லாமே "லேண்ட்"தான். அந்த மனிதர் பிறகு 1992இல் அந்த நாட்டின் பிரதமரே ஆனார். அந்தத் தொழிலில் அவ்வளவு காசு. தவக்காலத்தில் திருச்சபைக் கட்டுப்பாட்டால் நடனம் இருக்காது. அந்த வாரங்களில் குழுக்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் புலம்பெயர்ந்தவர்களுக்கு வாசித்தன. வான் மாரிசன், ரோரி கல்லகர் போன்றவர்கள் கை பழகியது ஷோபேண்டில்தான்.

சரிவு ஒரே காரணத்தால் வந்ததில்லை. மது இல்லாத கூடத்துக்கு எதிராக, பாருடன் ஹோட்டல் நடன அறைகள் வந்தன. அப்புறம் டிஸ்கோ, எட்டுப் பேர் சம்பளத்துக்குப் பதில் ஒருவரும் இரண்டு சுழல் தட்டும். கூட்டம் மெலிந்துகொண்டிருந்தபோது 1975 ஜூலை 31 வந்தது. வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு எல்லை தாண்டி டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்டின் வேனை ராணுவச் சோதனைச் சாவடி போல வேடமிட்டு யுவிஎஃப் என்ற பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுவின் ஆட்கள் நிறுத்தினார்கள். குழுவில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு எல்லை தாண்டி இரவில் வேன் ஓட்ட யாருக்குத் துணிவு வரும்?

மிஞ்சிய கூடங்கள் அறைகலன் கடை, கிடங்கு, பிங்கோ அரங்கு என்று மாறின. லண்டன் கிரிக்கிள்வுட்டில் 1952 முதல் இயங்கிய கால்டிமோர் என்ற ஐரிஷ் நடனக் கூடம் 2008இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. ஒரு அரங்கில் கெய்லி, பக்கத்து அரங்கில் நவீன நடனம் என்று இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. ஆனால் கிளென்ஃபார்ன் கூடத்தை ஊரார் மீட்டெடுத்துப் பழைய நினைவுப்பொருட்களை வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

ஆக, நேயரே, பாட்டு இணையத்தில் இருக்கிறது என்பது உண்மை. இரவு எப்படி ஓடியது என்பது அங்கே ஆடியவர்களின் தலையில் மட்டும் இருக்கிறது. 1965இல் இருபது வயதாக இருந்தவர் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். ஒரு முதியவரை உட்கார வைத்து "அன்றைக்கு என்ன வாசித்தார்கள்?" என்று கேட்டால் அவருக்குப் பெயர் வராது. அதே கூடத்தில், அதே தளத்தில் நிறுத்திக் கேட்டால், "நான் இங்கே நின்றேன், அவள் அங்கே, அப்போது ஒரு மெதுவான வால்ட்ஸ்" என்று இழை இழையாக வரும். கட்டடத்தைக் காப்பாற்றச் சொன்னது அதற்காகத்தான், சுவரின் அழகுக்காக இல்லை.

கான்செர்டினாவுக்கும் அக்கார்டியனுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதற்கு வாசித்துக் காட்ட வேண்டும், அடுத்த பதிவில் பார்ப்போம்.