பிரேக்கை எடுத்தால் செடி வளரும்

நேயர்களுக்கு வணக்கம். செடி வளர ஹார்மோன் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஆனால் ஹார்மோன் வந்து சேர்ந்தது செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

முதலில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை எடுத்துக்கொள்வோம். 1920-களில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற டச்சு விஞ்ஞானி, ஓட்ஸ் நாற்றின் குருத்து நுனிகளை வெட்டி, ஜெல்லி போன்ற அகர் கட்டியின் மேல் வைத்தார். பிறகு அந்த அகரில் ஒரு துண்டை எடுத்து, நுனி இல்லாத குருத்தின் ஒரு ஓரத்தில் வைத்தார். அந்தப் பக்கம் மட்டும் அதிகமாக நீள, குருத்து மறுபக்கமாக வளைந்தது. நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் இறங்குகிறது என்பது உறுதியானது. அதுதான் ஆக்சின். அந்தப் பொருளைச் செல் எதைக்கொண்டு உணர்கிறது என்பதற்கு நல்ல விடை கிடைக்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த விடையில்தான் சுவாரசியம். ஹார்மோன் வந்து செல்லுக்கு உத்தரவு போடுகிறது என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது வேறு. வளர்ச்சிக்கான மரபணுக்களை இயக்கும் புரதங்கள் ஏற்கெனவே டிஎன்ஏ-வில் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை வேலை செய்யவிடாமல் வேறு புரதங்கள் பிரேக் மாதிரி பிடித்து வைத்திருக்கின்றன. ஆக்சினின் வேலை அந்தப் பிரேக்கை எடுத்துவிடுவது, அவ்வளவுதான்.

எப்படி எடுக்கிறது? செல்லின் உட்கருவில் டிஐஆர்1 என்றொரு ஏற்பிப் புரதம், அதாவது ஹார்மோனை உணரும் புரதம், இருக்கிறது. அதில் ஒரு குழி. குழியின் அடியில் ஆக்சின் போய் அமர்கிறது. அதற்கு மேல் தடுப்புப் புரதம் வந்து பொருந்துகிறது. ஆக்சின் இல்லாவிட்டால் இரண்டும் சரியாக ஒட்டாது. ஒட்டியதும் தடுப்புப் புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படும். அந்த அடையாளம் விழுந்த புரதத்தைச் செல் புரோட்டியசோம் என்ற தன் புரத அரவை இயந்திரத்தில் போட்டு நொறுக்கிவிடும். எல்லாம் சில நிமிடங்களில். அப்புறம் மரபணுக்கள் இயங்கத் தொடங்கும்.

இன்னொரு பக்கம், ஆக்சின் வந்ததும் தண்டுச் செல்கள் வெளியே புரோட்டான்களைத் தள்ளிச் செல்சுவரை அமிலமாக்குகின்றன. சுவர் தளர்கிறது. உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தில் செல் நீள்கிறது. வேரில் மட்டும் கதை தலைகீழ். அங்கே ஆக்சின் கூடினால் நீட்சி குறையும். அளவும் முக்கியம். 2,4-டி என்ற களைக்கொல்லியும் இதே ஏற்பியில்தான் அமர்கிறது. ஆனால் செடியால் அதை எளிதில் சிதைக்க முடியாது. தாறுமாறாக வளர்ந்தே களை செத்துப்போகும்.

தண்டை நீளச் செய்யும் இன்னொரு ஹார்மோனான ஜிப்பரெலினிலும் இதே ஏற்பாடுதான். அங்கே பிரேக்காக இருப்பவை டெல்லா புரதங்கள். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் நடந்தது என்ன தெரியுமா? டெல்லாவில் ஒரு பகுதி மாறிப்போயிருந்தது. ஜிப்பரெலின் வந்தும் அதை அழிக்க முடியவில்லை. பயிர் குட்டையாகவே நின்றது. உரம் போட்டாலும் சாயவில்லை, விளைச்சல் கூடியது. விவசாயிகள் வயலில் அறுவடை செய்து பல ஆண்டுகள் கழித்து, 1999-ல்தான் இந்தக் காரணம் மூலக்கூறு அளவில் தெரியவந்தது. என்னைக் கேட்டால், தாவர அறிவியலில் இதைவிட அழகான விளக்கம் குறைவு.

வாயு வடிவ ஹார்மோனான எத்திலீன் இன்னும் விசித்திரம். இங்கே ஏற்பியே பிரேக். எத்திலீன் இல்லாதபோதுதான் அது மும்முரமாக வேலை செய்யும். வாயு வந்து ஒட்டியதும் அணைந்துவிடும். அப்போது காய் பழுக்கும், பூ வாடும். எத்திலீன் ஒட்டுவதற்கு ஏற்பியில் செம்பு அயனி வேண்டும். அந்த இடத்தில் வெள்ளி புகுந்துவிட்டால் வாயு வந்த சேதி செல்லுக்குப் போய்ச் சேராது. வெட்டிய கார்னேஷன் பூக்களின் காம்பை வெள்ளி தயோசல்பேட் கரைசலில் சிறிது நேரம் நிறுத்திவைத்தாலே, அவை வழக்கத்தைவிட அதிக நாட்கள் வாடாமல் இருப்பது இதனால்தான்.