சுழியம் வாங்கியவரிடமும் தன்னிழிவு இருக்கலாம்

அவையோருக்கு வணக்கம். வலிப்பு உள்ளவர்களின் தன்னிழிவைக் கேள்வித்தாள் கொண்டு எப்படி அளப்பது என்பதே இன்றைய பேச்சு.

வலிப்பு நோய் இருப்பது தெரிந்ததும் வேலை மறுக்கப்படுகிறது. அது நடந்துவிட்ட இழிவு. 'தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்களோ' என்று அஞ்சி நோயை மறைத்தே வாழ்வது உணரப்படும் இழிவு. இந்த இரண்டையும் ஸ்காம்ப்ளர், ஹாப்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் பிரித்துக் காட்டினார்கள். நேரடியாக ஒதுக்கப்பட்டவர்களைவிட அந்த அச்சத்தோடு வாழ்ந்தவர்களே அதிகம் என்றும் கண்டார்கள். இவற்றுக்கும் உள்ளே இன்னொன்று இருக்கிறது. பிறர் சொல்வதை உண்மை என்றே ஏற்று, 'நான் மற்றவர்களுக்கு ஒரு படி கீழேதான்' என்று தானே நம்பிவிடுவது. இதைத்தான் தன்னிழிவு என்கிறோம்.

இழிவை அளக்க அதிகம் பயன்படும், ஜாக்கோபி என்ற ஆய்வாளரின் அளவுகோலைப் பாருங்கள். மூன்றே கேள்விகள். என் வலிப்பால் மற்றவர்கள் என்னோடு இருக்கச் சங்கடப்படுகிறார்களா, என்னைத் தாழ்வாக நடத்துகிறார்களா, தவிர்க்க விரும்புகிறார்களா? 'ஆம்' ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி; மொத்தம் 0 முதல் 3. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மூன்றும் மற்றவர்களைப் பற்றிய கேள்விகள். தன்னைத் தானே வெறுக்கும் ஒருவர், நோயை யாருக்கும் சொல்லாததாலேயே மூன்றுக்கும் 'இல்லை' என்று சொல்லிச் சுழியம் வாங்கிவிடலாம். அந்தச் சுழியத்தை 'இழிவு இல்லை' என்று அறிக்கையில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி.

பின்னர் ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை நான்கு விடைகள் வைத்து, மொத்தத்தை 9 ஆக்கினார்கள். கூச்சத்தோடு 'ஓரளவு' என்பவருக்கு இடம் கிடைத்தது. பதில் சொன்னவர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் மிகக் குறைந்த மதிப்பெண்ணிலேயே தேங்கினால், அந்தக் கருவி குறைந்த அளவு இழிவில் உள்ள வேறுபாடுகளைப் பிடிக்கவில்லை என்று கொள்ளலாம். கென்யாவில் உருவான கிலிஃபி அளவுகோலில் 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. இது ஓரளவு விரிவானது.

மனநோயாளிகளுக்காக உருவான 29 கூற்றுகள் கொண்ட தன்னிழிவு அளவுகோலில், 'மனநோய்' என்ற சொல்லை நீக்கி 'வலிப்பு' என்று போட்டுக்கொள்வோரும் உண்டு. அதில் மனநோயாளிகள் வன்முறையாளர்கள் என்ற பொருளில் ஒரு கூற்று வரும். சொல்லை மட்டும் மாற்றினால், வலிப்பு உள்ளவர் தன்னைப் பற்றி நினைத்தே பார்த்திராத பழியை நாமே அவர் கையில் கொடுக்கிறோம். அதே அளவுகோலில் இழிவை எதிர்த்து நிற்பதைக் கேட்கும் கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக்க வேண்டும். அதை மறந்தால் மொத்தக் கணக்கும் கெடும்.

இந்த அளவுகோல்களின் மொழிபெயர்ப்புக்கு வருவோம். இருவர் தனித்தனியே பெயர்த்து, ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை மூல மொழிக்கே திருப்பிப் பெயர்க்க வேண்டும். பிறகு நோயுள்ள சிலரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, 'இதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். 'காக்காய் வலிப்பு' என்று கேள்வித்தாளில் அச்சிட்டால், அளக்கும் முன்பே காயப்படுத்திவிட்டோம்.

கேட்கும் சூழலும் விடையை மாற்றும். தாயோ கணவனோ அருகில் இருந்தால் 'எனக்கு அப்படி ஒன்றும் இல்லை' என்ற பதில்தான் வரும். தனியறை வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுபவர், சிகிச்சை தரும் மருத்துவராக இல்லாதிருப்பது நல்லது. வலிப்பு வந்து தெளியாத நிலையில் கேட்கவே கூடாது. சில மருந்துகள் சொல் தேடலையும் நினைவையும் மந்தமாக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

மனச்சோர்வையும் கூடவே அளந்தாக வேண்டும். சோர்ந்த மனம் எல்லாவற்றிலும் தன்னைத் தாழ்த்தியே பார்க்கும். இரண்டையும் பிரிக்காமல் தன்னிழிவு என்று எழுதினால், மருந்தால் குறையக்கூடிய சோர்வு கண்ணில் படாமல் போகும். சோர்வை அளக்கவென்றே வலிப்பு உள்ளவர்களுக்காக ஆறு கேள்விகள் கொண்ட கருவி இருக்கிறது. அதில் தற்கொலை எண்ணத்தைத் தொடும் விடை வந்தால், தாளை மடித்து உறையில் போடும் முன், அவரை அன்றே யாரிடம் அனுப்புவது என்பது ஆய்வு தொடங்குமுன்பே முடிவாகியிருக்க வேண்டும்.