இலைகளைப்போல் உதிருகிறோம்

அன்பானவர்களே,

இங்கே பிரசங்கம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஓர் உவமையைப் பற்றிப் பேச வேண்டும். "பனி விழுந்தால்தான் இலை சிவக்கும், துன்பம் வந்தால்தான் மனிதன் அழகாவான்" என்று நானே பிரசங்கித்திருக்கிறேன். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது உண்மையல்ல. உறைபனி இலையைச் சிவக்க வைப்பதில்லை. கடுமையாக விழுந்தால் இலையைக் கொன்று பழுப்பாக்கிவிடும். சத்தியத்தைச் சொல்லப் பொய்யான உவமை எதற்கு? அதனால்தான் இலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

பச்சையம் நிலைத்து நிற்கிற பொருள் அல்ல. வெயிலில் அது சிதைந்துகொண்டே இருக்கும். கோடை முழுவதும் மரம் அதைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். இரவு நீள நீள, மரம் அந்த வேலையைக் குறைத்து நிறுத்துகிறது. இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியைத் தனக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை வடிந்ததும் மஞ்சள் தெரிகிறது. கரோட்டினாய்டு என்கிற அந்த நிறமி ஏற்கெனவே இலைக்குள் இருந்ததுதான். கிங்கோ மரம் முழுதும் பொன்னாக நிற்பது இப்படித்தான்.

சிவப்பின் கதை வேறு. மேப்பிள் இலையின் சிவப்பு ஒளிந்திருந்த நிறம் அல்ல, கடைசி நாட்களில் புதிதாக உண்டாகிற நிறம். இலைக்காம்பின் அடியில் தடுப்புத் திசு வளர, இலை செய்த சர்க்கரை வெளியேற முடியாமல் தங்குகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால், அந்தச் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்கிற சிவப்பு நிறமி நிறைய உருவாகும். உதிரப்போகிற இலைக்கு ஏன் இத்தனை செலவு? மரம் சத்தை மீட்டு முடிக்கும்வரை வெயில் இலையைக் கெடுக்காமல் காக்கும் திரை அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

சரி, பண்டிகைகளும் காலங்களும் சுழன்று வரும் திருச்சபை ஆண்டுக்கு வருவோம். இலையுதிர்காலமும் திருச்சபைக் காலமும் ஒன்றல்ல. பூமியின் தென்பாதியில் இலை உதிரும்போது சபை ஈஸ்டர் கொண்டாடுகிறது. ஆகவே இரண்டையும் ஒட்டவைக்க நான் வரவில்லை. மரத்திடம் நான் கற்றது ஒன்றுதான்: சில நிறங்கள் தெரிய வேண்டுமென்றால் வேறொன்று விலக வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் பல சபைகள் அல்லேலூயா பாடுவதில்லை. அந்த நாற்பது நாளும், பாவத்துக்காக மனமுடைந்து ஜெபிக்கிற 51ஆம் சங்கீதத்தின் அழுகை காதில் விழுகிறது. அது எப்போதும் வேதத்தில் இருந்ததுதான். நம் உற்சாகப் பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் இருந்தது. லெந்தின் இரண்டாம் வாரத்திலேயே உயிர்த்தெழுதலுக்குத் தாவிவிடுகிற பிரசங்கத்தைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இழப்பில் இருக்கிற ஒருவர் அன்று அந்தச் சங்கீதத்துக்காகவே வந்திருக்கலாம்.

அப்புறம், பரிசுத்த ஆவி இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தேக்குப் பிறகு வரும், பச்சையைத் திருவழிபாட்டு நிறமாகக் கொண்ட அந்த நீண்ட பச்சைக் காலம். ஏறக்குறைய ஆறு மாதம்! விசேஷம் இல்லாத ஞாயிறுகள் என்று அவற்றைக் கடத்திவிடுகிறோம். சிவப்புக்கு வேண்டிய சர்க்கரையை இலை பச்சையாக இருக்கும்போதுதான் செய்கிறது. பெரிய வெள்ளியன்று ஒரு சபை சிலுவையின் முன் நிற்பதற்கான பலமும், சாதாரண ஞாயிறுகளில் உவமை உவமையாக, அதிகாரம் அதிகாரமாக வாசித்ததிலிருந்துதான் வருகிறது. உங்கள் உழைப்பில் பெரும்பங்கை அந்த ஞாயிறுகளுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். பல சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு வாசக அட்டவணையில், மாற்கு சுவிசேஷத்துக்குரிய ஆண்டில் அன்றைக்கு ஏசாயா 64 வருகிறது. "நாங்கள் அனைவரும் இலைகளைப்போல் உதிருகிறோம்" என்பது ஆறாம் வசனம். வெளியே கிறிஸ்துமஸ் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். மாட்டுத்தொழுவத்துக்கு ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். ஆறாம் வசனத்தை நிதானமாக வாசியுங்கள், சபையாரையும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார விடுங்கள். "இப்பொழுதும் கர்த்தாவே, நீர் எங்களுடைய பிதா" என்ற எட்டாம் வசனத்துக்கு அதன் பிறகு வாருங்கள்.