ராடார் அறையிலிருந்து முகமாலை வரை: எந்த வேலைக்கு எந்தத் திறன்?

[திரையில்: இலங்கையின் வடக்கே, மிதிவெடி புதைந்த முகமாலை. மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகை, பின்னால் பனைகள்]

வணக்கம். இராணுவ வேலை என்றதும் உயரம், நெஞ்சளவு, ஓட்டம் என்றுதான் யோசிப்போம். சாரதி, ராடார் பார்ப்பவர், மிதிவெடி அகற்றுபவர் என எல்லாருக்கும் அது போதுமா?

1917இல் அமெரிக்க இராணுவம் ஆட்களுக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்துப் பார்த்தது. வாசிக்கத் தெரிந்தவருக்கு ‘ஆல்ஃபா’, ஆங்கிலமோ எழுத்தோ தெரியாதவருக்குப் படங்களால் ஆன ‘பீட்டா’. சுமார் 17 லட்சம் பேர் எழுதினார்கள். ஆனால் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவரை அது புத்தி குறைந்தவராகக் காட்டியது. எனக்கு அது பெரிய அநியாயமாகவே படுகிறது.

பின்னாளில் உளவியலாளர் எட்வின் ஃப்ளீஷ்மன், ஆளுக்கு முன் வேலையை அளக்கச் சொன்னார். கை நடுங்காமை, அருகிலுள்ளதைத் தெளிவாகப் பார்த்தல், செவிக்கூர்மை, கவனம்: ஒவ்வொன்றும் எவ்வளவு தேவை என்று அந்த வேலை தெரிந்தவர்களே 1 முதல் 7 வரை புள்ளி போடுவார்கள்.

[திரையில்: உலோகம் காட்டும் கருவி, மண்ணில் முழந்தாளிட்ட பெண்]

சரி, மிதிவெடி அகற்றுவதை அப்படிப் பிரித்துப் பாருங்கள். இங்கே இது பெரும்பாலும் மனிதநேய அமைப்புகளில் பொதுமக்கள் செய்யும் வேலை. கருவி கத்தினால் கீழே ஆணியோ சன்னத் துண்டோ தகரமோ இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மிதிவெடி என்றே எண்ணி, பக்கவாட்டிலிருந்து மெல்ல மெல்ல மண்ணை எடுக்கவேண்டும். இதற்கு நெஞ்சளவு எதற்கு? கை நிதானமும், சொல்லித்தந்த ஒழுங்கை மீறாத மனமும்தான் வேண்டும். குடும்பத்தைத் தனியே சுமக்கும் வன்னிப் பெண்கள் எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். உயரம் பார்த்து ஆள் எடுத்திருந்தால் அவர்களில் பலர் வாசலோடு திரும்பியிருப்பார்கள். அதே களத்தில் கனரக இயந்திரம் ஓட்டுபவருக்குக் கையும் காலும் கண்ணும் ஒன்றாக ஓடவேண்டும். அது வேறு திறன்.

[திரையில்: ஒற்றை முள் நகரும் வட்ட முகப்பு]

அப்புறம், திறன் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்காது. பிரிட்டிஷ் விமானப்படையின் ராடார் பணியாளர் பிரச்சினையிலிருந்து பிறந்தது உளவியலாளர் நார்மன் மாக்வர்த்தின் சோதனை. 1948இல் முடிவு வெளிவந்தது. வட்ட முகப்பில் ஒவ்வொரு படியாக நகரும் முள் எப்போதாவது இரண்டு படி தாவும், கண்டதும் சொல்லவேண்டும். முதல் அரை மணி கழியும்போதே பலர் தவறவிடத் தொடங்கினார்கள். கண்ணில் கோளாறு இல்லை, கவனம்தான் களைத்தது.

வன்னி வெயிலில், பாதுகாப்பு அங்கியோடு, முகக்கவசத்துக்குள் என்ன ஆகும்? காலையில் தேறிய அதே ஆளை நண்பகலிலும் சோதித்துப் பார்க்கவேண்டும், இடைவேளையை அதன்படி வகுக்கவேண்டும்.