தனியா இருக்கேன், முதல் வீடு வாங்கப் போறேன், புறநகர்ல எந்த ஏரியாவைத் தேர்ந்தெடுக்கறது? – சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். வந்திருந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு முழுசா எடுத்துக்கறேன், ஏன்னா இதே கேள்வியை வேற வேற வார்த்தைல நிறைய பேர் கேட்டிருக்கீங்க.

ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. 30 வயசு தாண்டியாச்சு, கல்யாணம் ஆகல, தனியாதான் இருக்காங்க. பல வருஷம் வாடகை வீடு, இப்பதான் முதல் முறையா சொந்த வீடு. நகரத்துக்குள்ள விலை கட்டுப்படியாகல, அதனால புறநகர். ரெண்டு இடம் பார்த்து வச்சிருக்காங்க. ஒண்ணு பழைய ஏரியா, ரயில்வே ஸ்டேஷன் பக்கம், சின்ன ஃபிளாட், வாசல்ல கிளம்பி ஆபீஸ் போய்ச் சேர 35 நிமிஷம். இன்னொண்ணு புது லேஅவுட், அதே விலைக்குத் தனி வீடு, நல்லா பெருசு, ஆனா ஆபீஸுக்கு 75 நிமிஷம். "பார்க்கறவங்க எல்லாரும் ரெண்டாவதை வாங்கு, விலை ஏறும், நாளைக்குக் கல்யாணம் ஆனா இடம் வேணும்ங்கறாங்க. எனக்குக் குழப்பமா இருக்கு, எதை வச்சு முடிவு பண்றது?" அப்படின்னு கேட்டிருக்காங்க.

சகோதரி, உங்களுக்கு யோசனை சொல்ற எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனா அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் குடும்பமா இருக்கறவங்க. வீட்டுல ரெண்டு, மூணு பெரியவங்க இருந்தா ஏரியால இருக்கற குறையை ஆளுங்க சமாளிச்சுடுவாங்க. பஸ் இல்லையா, ஒருத்தர் வண்டில போய் கூட்டிட்டு வருவார். பிளம்பர் காலைல 11 மணிக்கு வர்றேங்கறாரா, யாராவது வீட்டுல இருப்பாங்க. காய்ச்சல்ல படுத்துட்டா மாத்திரை வாங்கிட்டு வர ஒரு ஆள் உண்டு. தனியா இருக்கறவங்களுக்கு அந்த ரெண்டாவது ஆள் கிடையாது. அந்த ஆள் செய்யற வேலையில பாதியையாவது ஏரியா செஞ்சு கொடுக்கணும். இதை மனசுல வச்சுக்கிட்டுப் பாருங்க, வீடு எத்தனை சதுர அடிங்கறது அப்புறமா வர்ற கேள்வியா மாறிடும்.

முதல்ல தூரம். ஒரு பக்கத்துக்கு 40 நிமிஷம் வித்தியாசம், போக வர 80 நிமிஷம். வருஷத்துக்கு 240 நாள் வேலைக்குப் போறீங்கன்னு வைங்க, 320 மணி நேரம் ஆகுது. எட்டு மணி நேர வேலை நாளாப் பார்த்தா 40 நாள். ஒவ்வொரு வருஷமும் 40 வேலை நாளை ரோட்டுல கொடுக்கறோம். குடும்பத்துல ஒருத்தருக்கு இந்த நேரம் போனாலும் இன்னொருத்தர் சமைச்சு வைப்பார், துணி காயப்போட்டு வைப்பார். உங்களுக்கு ராத்திரி எட்டரை மணிக்குக் கதவைத் திறந்த பிறகுதான் வீட்டு வேலையே ஆரம்பிக்கும்.

இதுல ஆராய்ச்சியும் இருக்கு, கொஞ்சம் சொல்லிடறேன். நோபல் பரிசு வாங்கின டேனியல் கானமனும் அவர் குழுவும் அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல வேலைக்குப் போற சுமார் 900 பெண்கள்கிட்ட, முந்தின நாள் செஞ்ச ஒவ்வொரு வேலையும் மனசுக்கு எப்படி இருந்ததுன்னு கேட்டாங்க. 2004-ல வந்த ஆய்வு. காலைல வேலைக்குப் போற பயணம்தான் கடைசி இடம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரூனோ ஃபிரை, அலாய்ஸ் ஸ்டட்சர்ங்கற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனி நாட்டுத் தகவல்களை வச்சு இன்னொண்ணு பார்த்தாங்க. தூரமா போறவங்களுக்குப் பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ கிடைக்கறதால மனநிறைவு சமமாயிடும்னு பொருளாதாரக் கணக்கு சொல்லும். ஆனா தகவல்ல அப்படி வரல. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கைல திருப்தி குறைஞ்சதுதான் தெரிஞ்சது. "வீடு பெருசு, அதனால தூரம் பரவாயில்ல"ங்கற வாதத்தை நான் அவ்வளவு சுலபமா ஒத்துக்க மாட்டேன்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. அந்த 35 நிமிஷம், 75 நிமிஷம் எல்லாம் யார் சொன்ன கணக்கு? விக்கறவங்க சொன்னதா இருந்தா அதை விட்டுடுங்க. போன்ல மேப் காட்டுறதும் நீங்க பார்க்கற நேரத்தோட கணக்குதான். ஒரு திங்கட்கிழமை காலைல அந்த வீட்டு வாசல்ல நின்னு, அங்கிருந்து ஆபீஸ் வரைக்கும் நீங்களே போய்ப் பாருங்க. மழை நாளா அமைஞ்சா ரொம்ப நல்லது.

அடுத்து ராத்திரி. இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. வீடு பார்க்கறது எப்பவும் ஞாயித்துக்கிழமை காலைல, வெயில்ல, புரோக்கரோட வண்டில. அந்த நேரத்துல எந்த ஏரியாவும் அழகாத்தான் இருக்கும். நீங்க ஒரு வார நாள் ராத்திரி ஒம்பதரை மணிக்கு ஸ்டேஷன்லயோ பஸ் ஸ்டாப்லயோ இறங்கி, அந்த வீட்டு வாசல் வரைக்கும் நடந்து போங்க. முதல் தடவை துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, தப்பில்ல. நடக்கும்போது பாருங்க. எரியாத தெருவிளக்கு எத்தனை, எந்த இடத்துல? வழில கடை ஏதாவது திறந்திருக்கா? வீடுகளோட ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கா, இல்ல ரெண்டு பக்கமும் நீளமா காம்பவுண்ட் சுவர் மட்டும்தானா? பெரிய கேட் போட்ட குடியிருப்புன்னா உள்ள ரொம்பப் பாதுகாப்பா இருக்கலாம், ஆனா அந்த நீளமான சுவருக்கு வெளியில நீங்க நடக்கற 300 மீட்டர்ல உங்களைப் பார்க்க ஒரு ஆள் இருக்க மாட்டாங்க. ஜேன் ஜேக்கப்ஸ்னு நகரங்களைப் பத்தி எழுதினவங்க 1961-லயே இதைத்தான் அழுத்திச் சொன்னாங்க, தெருவைப் பார்த்துக்கிட்டு இருக்கற சாதாரண மனுஷங்களோட கண்ணுதான் தெருவுக்குப் பாதுகாப்புன்னு. போலீஸும் கேமராவும் அதுக்கு அப்புறம்தான்.

அந்தப் புது லேஅவுட்ல இன்னொரு வேலையும் பண்ணுங்க. ராத்திரி எட்டு மணிக்குப் போய் எத்தனை வீட்டுல விளக்கு எரியுதுன்னு எண்ணுங்க. "எல்லாம் வித்துடுச்சு, நாலு வீடுதான் பாக்கி"ன்னு சொல்லியிருப்பாங்க. அது உண்மையாவே இருக்கலாம். ஆனா வித்த வீடு வேற, ஆள் குடியிருக்கற வீடு வேற. விலை ஏறும்னு வாங்கிப் பூட்டி வச்சிருக்கற வீடுகள்தான் அதிகம்னா, ஒரு தெருவுல நீங்களும் இன்னும் ரெண்டு குடும்பமும்தான் இருப்பீங்க. மருந்துக் கடை வராது, பஸ் வராது, ஏன்னா ஆள் இல்லாத இடத்துக்கு அதெல்லாம் வர்றதில்ல. ரெண்டு நாளா உங்க கதவு திறக்கலன்னா கவனிக்கறதுக்குப் பக்கத்து வீட்டுல ஒருத்தர் வேணும். தனியா இருக்கறவங்களுக்கு நான் இதைப் பெரிய விஷயமா நினைக்கறேன்.

சரி, தண்ணி. குடிதண்ணி எங்கிருந்து வருது, வருஷம் பூரா வருதாங்கறதை விக்கறவங்ககிட்ட கேட்காம அங்க குடியிருக்கறவங்ககிட்ட கேளுங்க, அவ்வளவுதான். வெள்ளத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்றேன். "100 வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்"னு ஒரு பேச்சு இருக்கு. அதைக் கேட்டதும், ஒரு தடவை வந்துடுச்சு, இனி நம்ம காலத்துல வராதுன்னு நினைச்சுக்கறோம். அதோட அர்த்தம், ஒவ்வொரு வருஷமும் வர்றதுக்கு 100-ல 1 வாய்ப்பு. போன வருஷம் வந்திருந்தாலும் இந்த வருஷமும் அதே 1 தான். 20 வருஷக் கடன் வாங்கறீங்கன்னா, அந்த 20 வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது வர்ற வாய்ப்பு சுமார் 18 சதவீதம், ஆறுல ஒண்ணுக்கும் மேல.

கண்ணாலயே நிறைய கண்டுபிடிக்கலாம். பழைய வீடுகளோட சுவரைப் பாருங்க, முழங்கால் உயரத்துல ஒரே மட்டத்துல ஒரு கறைக்கோடு தெரு முழுக்க ஓடும். புதுசா பெயின்ட் அடிச்ச வீட்டுல தெரியாது, பக்கத்துக் காலி வீட்டுல தெரியும். கரண்ட் மீட்டர் பெட்டியை எல்லாரும் ஆள் உயரத்துக்கு மேல மாத்தி வச்சிருந்தா ஏன்னு கேளுங்க. இரும்பு கேட்டோட கீழ்ப்பகுதி மட்டும் துருப்பிடிச்சு வேற தகடு வச்சு ஒட்டியிருக்கும். வீட்டுத் தரையை விட ரோடு உயரமா இருக்கும். மழைநீர்க் கால்வாய் இருந்தா அது எங்க போய் முடியுதுன்னு கூடவே நடந்து போய்ப் பாருங்க, சில புது லேஅவுட்ல அது அடுத்த காலி மனையோட நின்னுடும். அந்த மனைல நாளைக்கு ஒருத்தர் மண்ணைக் கொட்டி வீடு கட்டிட்டா தண்ணி உங்க பக்கம்தான் திரும்பும்.

இப்ப பணம். "விலை ஏறும்"ங்கறதுக்குப் பதில் சொல்றேன். கணக்குக்காக 8 சதவீத வட்டி, 20 வருஷக் கடன்னு வைங்க. முதல் மாசத் தவணைல 100 கட்டினா கிட்டத்தட்ட 80 வட்டிக்குப் போகும், அசல்ல 20 தான் கழியும். அஞ்சு வருஷம் விடாம கட்டினீங்கன்னா, கடன் தொகையில பாதி அளவுக்குப் பணம் உங்க கையை விட்டுப் போயிருக்கும், ஆனா அசல் குறைஞ்சிருக்கறது 12, 13 சதவீதம்தான். இதை எதுக்குச் சொல்றேன்னா, முதல் அஞ்சாறு வருஷத்துல வித்துட்டு வெளிய வர்ற நிலைமை வந்தா கைல பெருசா ஒண்ணும் நிக்காது. குடும்பத்துல ரெண்டு சம்பளம் இருந்தா ஒருத்தருக்கு வேலை போனாலும் இன்னொருத்தர் தவணையைத் தாங்குவார். உங்களுக்கு ஒரே சம்பளம். வேலை போனாலும், வேற ஊருக்கு மாத்தினாலும், உங்களுக்குக் கை கொடுக்கப் போறது அந்த வீடு எவ்வளவு சீக்கிரம் வாடகைக்குப் போகும்ங்கறதுதான். அதனால என்னோட அறிவுரை, பத்து வருஷம் கழிச்சு என்ன விலைங்கற யூகத்தை விட, அடுத்த மாசம் வாடகைக்கு விட்டா ஆள் வருவாங்களாங்கறதைப் பாருங்க. அதை யூகிக்க வேண்டியதில்ல. வாடகைக்கு வீடு தேடற மாதிரி அந்த ஏரியால நாலு பேரை விசாரிங்க. கேட்ட உடனே "காலியே இல்லையே"ன்னு சொன்னா நல்ல அறிகுறி. எதைக் கேட்டாலும் பத்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினா யோசிங்க. இதோட, ஆறு மாசத் தவணை தனியா பேங்க்ல இல்லாம கையெழுத்து போடாதீங்க. அட்வான்ஸுக்கும் பதிவுச் செலவுக்கும் மொத்தச் சேமிப்பையும் கொட்டிட்டு முதல் மாசத்துல இருந்தே திணறுறவங்களைப் பார்க்கும்போது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

"கல்யாணம் ஆனா இடம் வேணும்"னு சொல்றாங்களே, அதுக்கு. ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம், அது உங்க விருப்பம். ஆனா, வரப்போறவர் வேலை பார்க்கற இடம் எந்தத் திசைல இருக்கும்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது. அப்போ ரெண்டு பேருமா உக்கார்ந்து புதுசா முடிவு பண்ணுவீங்க. இன்னைக்கு இருக்கற வாழ்க்கைக்குத்தான் இன்னைக்கு வீடு. அதை விட நிச்சயமா வரக்கூடிய ஒண்ணு இருக்கு, அம்மா அப்பாவுக்கு வயசாகறது. அவங்க உங்களோட வந்து தங்கற நாள் வரலாம். மாடி ஏற முடியுமா, லிஃப்ட் இருக்கா, ராத்திரில அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இதைப் பார்த்து வச்சுக்கோங்க.

அப்ப என் முடிவு என்னன்னு கேட்டா, நீங்க எழுதினதை வச்சுப் பார்க்கும்போது நான் முதல் ஏரியா பக்கம்தான். ஆனா கண்ணை மூடிக்கிட்டு இல்ல. பழைய ஏரியான்னு சொல்றீங்க, கட்டடமும் பழசா இருக்கலாம், அதனால அங்க குடியிருப்போர் சங்கம் ஒழுங்கா நடக்குதா, ரிப்பேருக்குன்னு சேர்த்து வச்ச பணம் இருக்கா, மொட்டை மாடி ஒழுகுதா, தண்ணிக் குழாயை எப்ப மாத்தினாங்க, இதெல்லாம் கேளுங்க. மேல் மாடில இருக்கறவங்க வீட்டுக்குள்ள போய்க் கூரையைப் பார்க்க முடிஞ்சா பாருங்க. பணம் இல்லாத சங்கம்னா, லிஃப்ட் பழுதாகற அன்னைக்கு உங்க பங்கைத் திடீர்னு கேட்பாங்க, அதையும் ஒரே சம்பளத்துலதான் கொடுக்கணும். பத்திரம், நிலத்தோட உரிமை இதெல்லாம் ஒரு வக்கீலை வச்சுப் பார்க்கறதுக்கு முன்னாடி எந்த வீட்டுக்கும் பணம் கொடுக்கக் கூடாது, அது தனி வீடியோல பேச வேண்டிய விஷயம்.

இதுக்கு அப்புறமும் அந்தத் தனி வீடுதான் மனசுல நிக்குதுன்னா, அதுவும் நியாயமான ஆசைதான். செடி வைக்கணும், நாய் வளர்க்கணும், மேல யாரும் நடக்கற சத்தம் கேட்கக் கூடாதுன்னு நினைக்கறவங்க உண்டு. ஆபீஸ்ல வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தா போதும்னு எழுத்துல கொடுத்திருந்தா தூரக் கணக்கே மாறிடும். அப்படி இருந்தா, வாங்கறதுக்கு முன்னாடி அதே லேஅவுட்ல ஒரு மூணு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க. மழைக்காலத்துல அமையற மாதிரி பார்த்துக்கோங்க. "இப்ப அட்வான்ஸ் கொடுக்கலன்னா வேற ஆளுக்குப் போயிடும்"னு அவசரப்படுத்துவாங்க. போனா போகட்டும், விளக்கு எரியாத வீடு அங்க இன்னும் நிறைய இருக்கும்.

சகோதரி, அந்த ராத்திரி நடையை ரெண்டு ஏரியாலயும் நடந்துட்டு, என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க. எழுதும்போது தவணை உங்க சம்பளத்துல எத்தனை சதவீதம் வருதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க, அதை வச்சு இன்னும் குறிப்பா பேசலாம். அடுத்த கேள்விக்குப் போவோம்.